கொச்சி பார்க்காத கொச்சின் கோழி

ஊர்ப்பெயரை நம்பி ஒரு பொருளின் பிறப்பிடத்தைத் தேடிப் போகிறவன் பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்பான். நம் சந்தையில் விற்கிற பெங்களூர்க் கத்தரிக்காய் பெங்களூரில் பிறந்ததல்ல. மெக்ஸிகோ பக்கத்துக் கொடியில் காய்ப்பது. வான்கோழியும் அந்தப் பக்கத்துப் பறவைதான். ஆனால் இங்கிலீஷ்காரர் அதைத் துருக்கியின் பெயரால் அழைத்தார்கள். பிரெஞ்சுக்காரர் இந்தியாவிலிருந்து வந்தது என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். டச்சுக்காரர் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்து, கள்ளிக்கோட்டைக் கோழி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுப்போனார்களே, அதே டச்சுக்காரர்கள்தான். மிளகுக்காக மலையாளக் கரையில் தலைமுறை தலைமுறையாக வந்து போனவர்கள். கள்ளிக்கோட்டையில் அப்படியொரு கோழி கிடையாது என்று நேரில் கண்ட பிறகும், நாக்கில் ஏறிய பெயர் இறங்கவில்லை.

இந்த வரிசையில் சேர வேண்டிய இன்னொரு பறவை கொச்சின் கோழி. இப்போது சில வருஷங்களாக நம் பக்கத்திலும் அழகுக்காக அதை வளர்க்கிறார்கள். பார்த்தவர்களுக்கு மறக்காது. உடம்பு பஞ்சுத் தலையணை போல உருண்டு திரண்டு இருக்கும். இதன் விசேஷம் கால்தான். கணுக்காலிலிருந்து விரல் நுனி வரை சிறகு. நடந்தால் பட்டுப் பாவாடை கட்டிய சிறுமி திண்ணையில் நடப்பது போல ஒரு சரசரப்பு. இதே போலக் காலில் சிறகுள்ள இன்னொரு பெரிய ஜாதிக்குப் பிரம்மா என்று பெயர். ஒன்றுக்குக் கொச்சி, மற்றதற்குப் பிரம்மபுத்திரா! இரண்டும் நம் தேசத்துச் சொத்துக்கள்தாம் என்று யாருக்கும் தோன்றும்.

மணவாளக்குறிச்சியில் தூரத்து உறவில் எனக்கு ஒரு மைனி இருக்கிறாள். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் மகன், போன வருஷம் விடுமுறைக்கு வந்தபோது சில ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு ஜோடி கொச்சின் கோழி வாங்கி, அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். நான் ஐப்பசியில் போயிருந்தேன். துலா மழை நின்று நிதானித்துப் பெய்துகொண்டிருந்தது. மைனி அடுக்களை வாசலில் ஒரு வாளி வெந்நீரும் பழைய துவர்த்துமாக உட்கார்ந்து, மடியில் சேவலை மல்லாத்திப் போட்டு அதன் கால்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். சிறகின் நுனிகளில் புளியங்கொட்டை அளவுக்குச் சேற்று உருண்டைகள்.

"எனக்க பேரப்பிள்ளைக்குக்கூட இத்தனை தடவை காலு கழுவினது கெடையாது, கொழுந்தப்பிள்ளே. விடிஞ்சா கழுவணும், அடைஞ்சா கழுவணும். கொச்சின்னுல்லா சொன்னான்! நமக்குப் பக்கத்து ஊருதானே, நம்ம மழையெல்லாம் இதுக்குப் பழக்கம் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

அவள் நினைத்ததில் தப்பில்லை. கொச்சியில் பெய்யாத மழையா? கொச்சியில் பிறந்த பறவைக்குச் சேறு தெரியாமல் இருக்குமா? பெயரை நம்பினால் அந்த முடிவுக்குத்தான் வர முடியும். இந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. அதை அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கிழக்கே கப்பல் ஓட்டிப் போனபோது, இப்போது வியட்நாம் என்று வழங்கும் தேசத்துக்கு, நம் கொச்சியைப் போலவே ஒலிக்கும் ஒரு பெயர் வழங்கிவந்ததைக் கேட்டார்கள். அவர்களுக்கோ 1503-லிருந்தே நம் கொச்சியில் கோட்டை இருந்தது. இரண்டும் குழம்பிப்போகாமல் இருக்க, கிழக்கே இருந்ததற்குச் 'சைனா' என்று ஒரு வாலை ஒட்டினார்கள். அதுதான் கொச்சின் சைனா. குழப்பம் தீர்க்க ஒட்டிய வால் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1843-ல் இங்கிலாந்தில் விக்டோரியா ராணியின் கோழிப் பண்ணைக்குக் கிழக்குத் தேசத்திலிருந்து சில பெரிய கோழிகள் வந்து சேர்ந்தன. அவற்றைக் கொச்சின் சைனாக் கோழி என்றார்கள். பத்திரிகையில் படமும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோழிகளுக்குக் காலில் சிறகு கிடையாது. நெட்டைக் கால், வெறுங்கால். அதற்கு முந்திய வருஷம், அதாவது 1842-ல், அபினி யுத்தம் முடிந்து நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாகி, ஷாங்காய் உட்பட ஐந்து சீனத் துறைமுகங்கள் வெள்ளைக்காரக் கப்பல்களுக்குத் திறந்துவிடப்பட்டிருந்தன. அடுத்த சில வருஷங்களில் ஷாங்காயிலிருந்து வேறொரு ஜாதிக் கோழி இங்கிலாந்தில் இறங்கியது. இதற்குத்தான் காலில் சிறகு. இது கொச்சின் சைனாவைப் பார்த்ததும் இல்லை. அங்கிருந்து வந்ததும் இல்லை. ஆனால் ராணியின் கோழிக்கு வைத்த பெயர் ஊரெல்லாம் பிரசித்தமாக இருந்ததால், அந்தப் பெயரையே இதற்கும் சூட்டிவிட்டார்கள். பிறகு வாய்க்குச் சுருக்கமாக இருக்கட்டும் என்று வாலையும் நறுக்கினார்கள். மிஞ்சியது கொச்சின். இப்படியாக, ஷாங்காயில் பிறந்த கோழி, வியட்நாம் வழியாக, கொச்சிக்குக் குடிவந்து சேர்ந்தது, அதுவும் காகிதத்தில்.

பிரம்மாவின் கதை இன்னும் சுவாரஸ்யம். அது அமெரிக்காவில் நடந்தது. 1849 நவம்பரில் பாஸ்டன் நகரத்துப் பூங்கா ஒன்றில் ஒரு கோழிக் கண்காட்சி வைத்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பறவைகள். பார்க்க வந்த கூட்டம் பத்தாயிரம் என்கிறார்கள். அன்றிலிருந்து சில வருஷங்களுக்கு அமெரிக்காவில் கோழிப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. வக்கீல், வைத்தியர், வியாபாரி எல்லோரும் கோழி வாங்கினார்கள், விற்றார்கள், மறுபடி வாங்கினார்கள். ஜார்ஜ் பர்ன்ஹாம் என்பவர் அந்த வியாபாரத்தில் முக்கியப் புள்ளி. 1852-ல் விக்டோரியா ராணிக்கே ஒரு கூண்டுக் கோழியைப் பரிசாக அனுப்பி, அதன் பேரில் தம் கோழிகளின் விலையை ஏற்றிக்கொண்ட கெட்டிக்காரர். பைத்தியம் தெளிந்த பிறகு, 1855-ல், அந்தக் கூத்தைப் பற்றிப் புத்தகமும் எழுதி அதிலும் சம்பாதித்தார். இவர் தம்முடைய கோழிகளைச் சாம்பல் நிற ஷாங்காய் என்றார். வேறு சிலர் அதே மாதிரிக் கோழியைப் பிரம்மபுத்திரா நதிக்கரையிலிருந்து ஒரு கப்பல்காரன் கொண்டுவந்ததாகச் சொன்னார்கள். சிட்டகாங்கிலிருந்து வந்தது என்றவர்களும் உண்டு. எந்தப் பெயருக்கு விலை அதிகமோ அந்தப் பெயர்தானே நிற்கும்? பிரம்மபுத்திரா நின்றது, பிறகு அதுவும் சுருங்கிப் பிரம்மா ஆயிற்று. சிருஷ்டி கர்த்தாவுக்குக் கோவில்தான் அதிகம் இல்லை, கோழியாவது இருக்கட்டும்.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட மைனி, சேவலின் அடுத்த காலைத் தண்ணீரில் முக்கியபடியே ஒரு கேள்வி கேட்டாள். "அப்போ சீனாக்காரனுக்கு ஊருல சேறே கெடையாதா?"

நல்ல கேள்வி. புத்தகம் படித்தவர்கள் கேட்க மறந்துபோகிற கேள்வி. ஷாங்காய் இருப்பது யாங்ஸி நதியின் முகத்துவாரத்தில். வண்டல் மண், நெல் வயல், கோடையில் வாரக்கணக்கில் விடாத மழை. சேற்றுக்குப் பஞ்சமில்லாத சீமை. அங்கே குடியானவர் வீட்டு முற்றத்தில் மேய்ந்த கோழி இந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைத்தது?

பதில் இதுதான்: அங்கே அதற்கு இந்தக் கால் இல்லை. முதலில் கப்பலில் வந்து இறங்கிய ஷாங்காய்க் கோழிகளுக்குக் காலில் சிறகு இருந்தது உண்மை, ஆனால் கொஞ்சம்தான். கணுக்காலின் வெளிப்பக்கத்தில் ஒரு வரிசை, விரலில் சில. சேற்றில் நடந்தாலும் உதறிவிட்டுப் போகக்கூடிய அளவு. அதைப் பாவாடையாக வளர்த்தது சீனக் குடியானவன் அல்ல. மேல்நாட்டுக் கண்காட்சி மேஜை. 1850-ல் பர்மிங்ஹாம் கண்காட்சியில் இந்தக் கோழிகளைக் கண்டு இங்கிலாந்து மயங்கியது. நல்ல சேவல் ஒன்றுக்கு நூறு கினி வரை கொடுத்தார்கள் என்று கோழி வளர்ப்பைப் பற்றி அக்காலத்தில் எழுதிய லூயிஸ் ரைட் பதிவு செய்திருக்கிறார். நூறு கினி என்றால் நூற்றைந்து பவுன். அன்றைக்கு ஒரு வீட்டு வேலைக்காரி பல வருஷம் உழைத்தாலும் கண்ணால் பார்க்க முடியாத தொகை. பரிசு எதற்குக் கிடைக்கிறதோ அதைத்தானே வளர்ப்பார்கள்? சிறகு அதிகமுள்ள சேவலுக்குச் சிறகு அதிகமுள்ள பெட்டையைச் சேர்த்தார்கள். குஞ்சில் எதற்குச் சிறகு அதிகமோ அதை வைத்துக்கொண்டு மற்றதைக் குழம்பாக்கினார்கள். 1873-ல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் தோன்றி, மறு வருஷமே இந்த ஜாதிகளுக்கு இலட்சணம் எழுதி அச்சிட்டது. முப்பது நாற்பது வருஷத்தில் முற்றத்துக் கோழி பட்டுத்துணி பொம்மை ஆயிற்று. வந்த புதிதில் நன்றாக முட்டையிட்ட கோழி அது. சிறகு கூடக் கூட முட்டை குறைந்தது.

சரி, இந்தக் காலை யார் கழுவினார்கள்? பரிசு வாங்கியவர் பெயர் கண்காட்சிப் பட்டியலில் இருக்கும். கழுவியவர் பெயர் இருக்காது. கோழிகளைக் கண்காட்சிக்கு அனுப்பும் முன், பெரிய தொட்டிகளில் வெந்நீர் ஊற்றிச் சவுக்காரம் போட்டுக் குளிப்பாட்டி, கணப்பின் முன் உலர்த்தி, வைக்கோல் விரித்த கூடையில் வைத்து ரயிலேற்ற வேண்டும். கனவான்கள் வீட்டில் அதற்கென்று ஆள் இருந்தான். மேய்வதற்குக் கட்டையாக வெட்டிய புல்தரை; மழை வந்தால் சரளைக்கல் போட்ட கூரைக் கொட்டகை. ஆகவே கால் சிறகு என்பது உலர்ந்த தரையும் கூலிக்கு ஆளும் உள்ள இடத்தில் வளர்ந்த அலங்காரம். அந்த இரண்டும் இல்லாத வீட்டுக்குப் போகும்போது அது அந்த வீட்டுப் பெண்பிள்ளையின் இடுப்பில்தான் போய் உட்காரும். மணவாளக்குறிச்சியில் அதைத்தான் நான் கண்ணால் பார்த்தேன்.

இயற்கையில் காலில் சிறகுள்ள பறவைகள் இல்லாமல் இல்லை. வடதுருவப் பக்கத்தில் பனிக்கௌதாரி என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் அதன் பாதம் முழுவதும் சிறகு மூடி, முயலின் பாதம் போல இருக்கும். பனி ஆந்தைக்கும் அப்படியே. உலர்ந்த பனியில் நடக்கிறவர்களுக்கு அது மிதியடி. சேற்றில் பிழைக்கிற பறவைகளையோ பாருங்கள். நம் ஏலாக்களில் கன்னிப்பூ நடவின்போது வந்து நிற்கும் கொக்கு, நாரை, நீர்க்கோழி எல்லாம் முழங்காலுக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டிய நம் விவசாயியைப் போல வெறுங்காலோடு நிற்கும். காட்டுக்கோழியும் வெறுங்கால்தான். முருகன் சேவலுக்குக் காலில் முள் உண்டு; எந்தச் சிற்பத்திலும் அதற்குச் சிறகு முளைத்து நான் பார்த்ததில்லை.

காலில் ஏன் சிறகு முளைக்கிறது என்பதை முதலில் கூர்ந்து பார்த்தவர்களில் டார்வின் ஒருவர். வளர்ப்புப் பிராணிகளைப் பற்றி 1868-ல் வெளியிட்ட பெரிய நூலில், புறாவிலும் கோழியிலும் இந்தச் சிறகுகள் காலின் வெளிப்பக்கத்திலேயே முளைப்பதையும், சில சமயம் இறக்கையின் சிறகையே விஞ்சும்படி நீள்வதையும் குறித்திருக்கிறார். கையும் காலும் ஒரே அச்சில் வார்த்த உறுப்புகள், ஆகவே ஒன்றின் குணம் மற்றொன்றில் தலைகாட்டுகிறது என்பது அவர் எண்ணம். நூற்றைம்பது வருஷம் கழித்து, 2016-ல் புறாக்களிலும் 2020-ல் கோழிகளிலும் மரபணுவைச் சோதித்தவர்கள் ஏறக்குறைய அதையே கண்டார்கள். கருவில் இறக்கையை உருவாக்க வேண்டிய மரபணு ஒன்று, இந்த ஜாதிகளில் காலிலும் விழித்துக்கொள்கிறது. அதாவது இந்தக் கோழியின் கால் கொஞ்சம் இறக்கையாகிவிட்ட கால். இறக்கையை இழுத்துக்கொண்டு சேற்றில் நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் அதன் கஷ்டம் நமக்குப் புரியும்.

கஷ்டம் என்று சும்மா சொல்லவில்லை. ஈரக் களிமண் சிறகில் ஒட்டும். கோழி மேலும் மேலும் நடக்க, உருண்டை பெருக்கும். இரவில் காய்ந்து கல்லாகும். கல் கட்டிய விரலில் ரத்தம் ஓடாது. நகம் கழன்று விழும். புதிதாய் முளைக்கும் சிறகின் தண்டுக்குள் ரத்தம் இருக்கிறது. கல்லைப் பிடித்து இழுத்தால் தண்டு ஒடிந்து ரத்தம் கொட்டும். ரத்தத்தைக் கண்ட மற்றக் கோழிகள் சும்மா இருக்காது, கொத்தியே புண்ணாக்கிவிடும். ஈரச் சிறகுக்கு அடியில் செதில்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத உண்ணி புகுந்து காலைச் சொரசொரப்பாக்கும். போதாததற்கு அந்தச் சேற்றுக் காலோடு முட்டையின் மேல் போய் உட்காரும். முட்டை ஓட்டில் நுண்ணிய துவாரங்கள் உண்டு. அழுக்கு உள்ளே போனால் முட்டை கெடும், அடை வைத்தாலும் பொரிக்காது.

கழுவுவதென்றால் அதற்கும் முறை இருக்கிறது. காய்ந்த சேற்றைப் பிய்க்கக் கூடாது. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை ஊற வைத்து, கட்டி தானாக இளகியதும் விரலால் நசுக்கிச் சிறகு முளைத்த திசையிலேயே உருவிவிட வேண்டும். லேசான சவுக்காரம் போதும். பிறகு துவர்த்தால் ஒற்றி, அடுப்படிச் சூட்டில் முழுக்கக் காயவைத்த பிறகே கூட்டில் விட வேண்டும். ஈரக் காலோடு இரவு கழிந்தால் கழுவாமலே விட்டிருக்கலாம் என்று ஆகிவிடும். செதிலில் உண்ணி கண்டால் தேங்காயெண்ணெயைக் கனமாகத் தடவி, சில நாளுக்கொரு தடவை திருப்பித் திருப்பிச் செய்தால் மூச்சுமுட்டிச் சாகும். மழைக்கு முன்பே நீண்ட சிறகின் முற்றிய நுனிகளைக் கத்தரித்துவிடுவதில் குற்றமில்லை; ரத்தத் தண்டில் மட்டும் கத்தரி படக் கூடாது. கண்காட்சிக்கா போகப் போகிறது?

ஆனால் இதையெல்லாம் தினம் இரண்டு வேளை செய்துகொண்டிருக்க ஒரு மனுஷியால் ஆகாது. நம் ஜில்லாவில் மழை ஒன்றல்ல, இரண்டு. வைகாசி ஆனியில் இடவப்பாதி, அது விட்டு மூச்சு வாங்குவதற்குள் ஐப்பசி கார்த்திகையில் துலா மழை. மணவாளக்குறிச்சியில் கடல் ஓரத்தில் மணல், தண்ணீர் நிற்காது. கொஞ்சம் உள்ளே தள்ளி, வள்ளியாற்றுப் பக்கம் வந்தால் செம்மண்ணும் வயல் களிமண்ணும். முற்றத்தில் கால் வைத்தால் உறிஞ்சும்.

அந்த மணலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த ஊரைக் கடக்க முடியாது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார். அக்காலத்து வாயு விளக்குகளின் வலைத்திரிக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது. அந்த மணலின் ஊரைத் தேடி வந்து மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்தார். இன்றும் மத்திய அரசின் நிறுவனம் அங்கே மணலைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. கயிற்றில் ஒட்டிப் போன மணல் தன் ஊரைச் சரியாகக் காட்டிக்கொடுத்தது. பெயரை ஒட்டிக்கொண்டு போன கோழி காட்டவில்லை. மணலுக்குப் பெயர் வைத்து விற்க முன்கூட்டியே ஆள் இல்லை என்பதுதான் வித்தியாசம். கனிம மணல் ஆகையால் அதை அள்ளிவந்து கோழிக்கூட்டில் பரப்புவதற்கும் இல்லை.

மைனி கண்டுபிடித்த வழி வேறு. நான் மார்கழியில் மறுபடி போனபோது வெந்நீர் வாளியைக் காணோம். தொழுவத்தை ஒட்டி ஓலைச் சாய்ப்பு ஒன்று இறக்கியிருந்தாள். தரையை ஒரு சாண் உயர்த்தி, மூன்று விரற்கடைக் கனத்துக்கு நெல் உமி பரப்பி, தினம் ஒரு தடவை குச்சியால் கிளறிவிடுகிறாள். ஈரம் கண்டால் மேலே சுண்ணாம்புத் தூள். கோழிப் பண்ணைக்காரர்கள் ஆழ்கூளம் என்று சொல்வது இதைத்தான். வாசல் படியில் ஒரு பழைய கயிற்று மிதியடி. கனத்த பறவை ஆகையால் ஏறி அடைவதற்கு ஒரு முழ உயரத்தில் மரக்கட்டை. விடிந்ததும் திறந்துவிடும் வழக்கத்தை நிறுத்திவிட்டாள். வெயில் ஏறி முற்றம் காய்ந்தால் திறப்பு. காயாவிட்டால் அன்றைக்கு உள்ளேயே தீனி. வாரம் ஒரு தடவை காலைத் தூக்கிப் பார்ப்பதோடு சரி.

"காலை எதுக்குக் கழுவணும்? தரையைக் கழுவாம வச்சா போராதா?" என்றாள். சேறான பின் கழுவுவதை விட, சேறு ஆகாத தரையை உண்டாக்குவது மேல் என்பதை இத்தனை சுருக்கமாக நான் எந்தக் கோழிப் புத்தகத்திலும் படித்ததில்லை.

நம் ஜில்லாவுக்கு வெளிநாட்டுக் கோழி இதுவே முதல் தடவையாக வரவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்த 1920-களில், மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் கிராமப் புனரமைப்பு நிலையம் ஒன்றை நடத்தினார்கள். கே.டி. பாலின் யோசனையும் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்ற அமெரிக்கரின் உழைப்பும் சேர்ந்தது. தேனீ வளர்ப்பு நம் பக்கத்தில் பரவியதற்கு அந்த நிலையம் முக்கியக் காரணம் என்பது பலருக்குத் தெரியும். கோழியும் அவர்கள் வேலைத் திட்டத்தில் இருந்தது. நல்ல ஜாதிச் சேவலைக் கிராமத்தில் விட்டு நாட்டுக்கோழியோடு சேர்த்து முட்டையைப் பெருக்குவது, ஏழைகள் ஒன்றுசேர்ந்து முட்டையை நல்ல விலைக்கு விற்பது என்பது ஏற்பாடு. ஹாட்ச் 1932-ல் வெளியிட்ட புத்தகத்தில் அந்த அனுபவங்களை எழுதியிருக்கிறார். அவர்கள் தேர்ந்துகொண்ட ஜாதி எது தெரியுமா? வெள்ளை லெகான். இத்தாலியில் பிறந்த, மெலிந்த, முட்டைக்கென்றே வாழ்கிற கோழி. காலில் ஒரு சிறகு கிடையாது. அமெரிக்காவில் கொச்சினும் பிரம்மாவும் கோப்பை கோப்பையாகப் பரிசு வாங்கியிருந்தன. இருந்தும், கூலிக்காரர் வீட்டு முற்றத்துக்கு என்று யோசித்தபோது அங்கிருந்து வந்தவரே வெறுங்கால் கோழியைத்தான் கொண்டுவந்தார்.

கோழி வளர்க்கும் வீடுகளில் முட்டைக் காசு என்று ஒன்று உண்டு. அது ஆண்பிள்ளைகளின் கணக்கில் வராது. பள்ளிக்கூடப் பென்சில், கோவில் உண்டியல், தலைவலி மாத்திரை, திடீரென்று வந்த விருந்தாளிக்குச் சர்க்கரை எல்லாம் அதிலிருந்து நடக்கும். ஒரு கோழி ஜாதியை நல்லது கெட்டது என்று தீர்மானிக்க என்னைக் கேட்டால் அந்தக் காசைத்தான் அளவுகோலாக வைப்பேன். நம் நாட்டுக் கோழி வருஷத்துக்கு இடும் முட்டை சொற்பம்தான். ஆனால் அதற்குக் கால் கழுவ வேண்டாம். மழையில் நனைந்து, வாழைக்கு அடியில் ஒதுங்கி, உதறிவிட்டு மறுபடி கிளறப் போய்விடும். திருவனந்தபுரத்துப் பக்கத்தில் கழுத்தில் சிறகே இல்லாத ஒரு நாட்டுக்கோழி உண்டு, பார்க்க அவலட்சணம். ஆனால் புழுக்கத்தில் உடம்புச் சூடு அந்தக் கழுத்து வழியாக இறங்கிவிடுவதால் வெயில் காலத்தில் அது மற்றவற்றை விடச் சௌகரியமாக இருக்கும். எந்தச் சிறகை எங்கே குறைப்பது என்று நம் சீதோஷ்ணம் யோசித்தது. எந்தச் சிறகை எங்கே கூட்டுவது என்று கண்காட்சி யோசித்தது.

அழகுக்காகக் கோழி வளர்ப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. ரோஜாச் செடியை யாரும் கீரைக்காக வைப்பதில்லை. வளர்க்கட்டும். ஆனால் வாங்குகிறவர், வாங்கும்போதே உலர்ந்த தரைக்கும் கூரைக்கும் சேர்த்துக் காசு எடுத்துவைக்க வேண்டும். வாங்குகிறவர் ஒருவர், மழையில் குனிந்து நிற்கிறவர் ஒருவர் என்று ஆகும் வீட்டில், அந்த இரண்டாமவரை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு சங்கதி. கொச்சிக்கும் இந்தக் கோழிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றுதான் இதுவரை சொன்னேன். பெயரைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் சிறகை விலக்கிக் காலைப் பார்த்தால் தோல் மஞ்சளாக இருக்கும். கோழிகள் எல்லாம் சிவப்புக் காட்டுக்கோழி ஒன்றிலிருந்தே வந்தவை என்று டார்வின் காலத்திலிருந்து நம்பியிருந்தார்கள். ஆனால் சிவப்புக் காட்டுக்கோழியின் கால் மஞ்சள் அல்ல. 2008-ல் ஸ்வீடன் தேசத்து உப்சாலாப் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகளைக் கொண்ட ஒரு குழு, இந்த மஞ்சளுக்குக் காரணமான மரபணு எங்கிருந்து வந்தது என்று தேடியது. அது சாம்பல் நிறக் காட்டுக்கோழியிலிருந்து எப்போதோ நடந்த கலப்பில் வீட்டுக்கோழிக்கு வந்தது என்று கண்டார்கள். அந்தக் காட்டுக்கோழி இந்தியத் தீபகற்பத்தைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. மகேந்திரகிரியிலிருந்து கொச்சிக்குக் கிழக்கே நிற்கும் மலைகள் வரை, விடியற்காலையில் காட்டுக்குள்ளிருந்து கரகரத்த குரலில் கூவுகிறதே, அதேதான்.

எந்த வியாபாரி எந்தச் சந்தையில் எத்தனை நூற்றாண்டுக்கு முன்பு நம் கோழியைக் கிழக்கே கொண்டுபோனானோ, பெயர் எழுதி வைக்கவில்லை. அதன் சந்ததி சீனாவுக்குப் போய், அங்கே காலில் சிறகு பெற்று, இங்கிலாந்தில் அதைப் பாவாடையாக வளர்த்துக்கொண்டு, பொய்ப் பெயரோடு மணவாளக்குறிச்சிக்குத் திரும்பி வந்திருக்கிறது. சிறகு அந்நியம், பெயர் கற்பனை. சேற்றைக் கழுவினால் அடியில் தெரிகிற மஞ்சள் மட்டும் நம் மலையுடையது.